வலப்பக்கத்து அழுக்கு

நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த உயரமான மனிதர் வேலையை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை, மழை விட்ட மதியம். விமான நிலையத்தில் என் மாமாவும் அவரும் பத்தொன்பது வருடங்களாக ஒரு சரக்கு விமானத்தைக் கழுவி வந்தார்கள். ஒற்றை எஞ்சின், மூக்கு முதல் வால் வரை ஒரே சாம்பல் நிறம். இடப்பக்கம் மாமாவுக்கு, வலப்பக்கம் நெட்டைக்கு. யார் அப்படிப் பிரித்தது என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

மாமாவின் பக்கம் பளிச்சென்று இருக்கும். நெட்டையின் பக்கம் எவ்வளவு தேய்த்தாலும் கரி நிழலாகப் படிந்தே கிடக்கும். அன்று மேற்பார்வையாளர் வந்து முகம் சுளித்தார். மாமா சும்மா இருந்திருக்கலாம்.

"அதே சோப்பு, அதே தண்ணி சார். கை வளையணும்ல?"

நெட்டை திரும்பிப் பார்த்தார். "புகைக்குழாய் என் பக்கம்டா. ஒரு நாள் பக்கம் மாத்திக்கலாம், வா. அப்புறம் பேசு."

"புதுக் கரி சோப்புக்குப் போயிடும். இது மாசக்கணக்குல தேய்க்காம விட்டது. உன் அழுக்கை நான் எதுக்குச் சுமக்கணும்?"

நெட்டை பிரஷை வாளிக்குள் போட்டார். ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து போனார். பிறகு வரவேயில்லை. அடுத்த மாதம் விமானத்தையும் விற்றுவிட்டார்கள். மாமாவைப் பயணிகள் கூடத்தில் தரை துடைக்கப் போட்டார்கள். அதனால் அந்த வலப்பக்கத்தை மாமா ஒரு நாளும் தொட்டதில்லை.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தங்க இடமில்லாமல் மாமா வீட்டு முன்னறையில் நான் பையை இறக்கியபோது, அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரண்டு அறை, ஒரே நாற்காலி. அவர் நின்றுகொண்டு சாப்பிடுவார், அல்லது நான் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வாசல் மணி ரிப்பேராகி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். "யாராவது அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஜன்னலோர மேஜையில் அந்த விமானம் இருந்தது. அதன் பிளாஸ்டிக் மாடல், ஒரு ஜாணுக்குச் சற்று மேல். மாமா அதை ஒட்டி முடித்து, பெயின்ட் அடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ஒரே கலர்தானே மாமா, ஒரே மூச்சுல அடிச்சு முடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சா சோப்பு டப்பா மாதிரி இருக்கும். ஊர் சுத்துறவளுக்குப் பொறுமை எங்கே இருக்கும்?"

வெயில் குடிக்கும் முதுகுக்குச் சாம்பலில் ஒரு சொட்டு வெள்ளை கலந்தார். வயிற்றுக்கு ஒரு சொட்டு நீலம். பின்கதவுக்கு மட்டும் கொஞ்சம் பழுப்பு. அது வேறு விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய கதவாம். எட்ட நின்று பார்த்தால் ஒரே நிறம். கிட்டே போனால் நிஜமாகவே பறந்து களைத்த உடம்பு.

அடுத்தது அழுக்கு. முதலில் பளபளப்பான வார்னிஷ் பூச வேண்டும். அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த கறுப்பை ஓடவிட்டு, காய்ந்ததும் பஞ்சுக்குச்சியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் கறுப்பு நிற்கும். இடப்பக்கம் அப்படியே வந்தது. வலப்பக்கத்தில் கறுப்பு நகரவில்லை. மாமா ஏழெட்டுக் குச்சிகளைத் தீர்த்தார்.

"அதே பஞ்சு, அதே டர்பன்டைன்..." என்றவர் பாதியில் நின்றுவிட்டார்.

நான் வார்னிஷ் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். "மாமா, இந்தப் பக்கம் நாளைக்குப் பூசறேன்னு சொன்னீங்களே, பூசினீங்களா? சரிதான், வயசாயிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. கறுப்பு ஏறிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"பளபளப்பு போன பூச்சு அழுக்கை உள்ளே இழுத்துக்குது. குழாய்ச் சூடு அத்தனை வருஷமும் அவன் பக்கத்துப் பூச்சை வேக வச்சிருக்கு. அவன் கை தோல் உரியத் தேய்ச்சிருந்தாலும் போயிருக்காது."

அன்று அவர் சாப்பிடவில்லை. வலப்பக்கத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான்கு நாள் கழித்து, விமான நிலையத்தில் இருந்த பழைய ஓட்டுநர் ஒருவரைத் தேடிப்பிடித்து நெட்டையின் நம்பரை வாங்கி வந்தார். மாமாவிடம் இருந்தது பட்டன் போன். என் போனில் மாடலின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். கீழே அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்: "உன் பக்கம் பூச்சு செத்திருந்துச்சு. அன்னிக்கு நான் பேசினது தப்பு. உன்கிட்ட சொல்லணும்னுதான்." கடைசியில் மாமாவின் பெயரையும், நான் யார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன்.

படம் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளமே வரவில்லை. தினமும் காலையில், என் தலையணைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஏதாவது வந்துச்சா?" என்பார். இல்லை என்றால், "சரி, தூங்கு." ஒரு மாதத்தில் எனக்குக் கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே அழைத்து, என் உடம்பை விசாரித்துவிட்டு, அங்கே வெயில் எப்படி, மழை எப்படி என்று இழுத்துக்கொண்டிருப்பார். நானே முந்திக்கொண்டு "வரல மாமா" என்பேன்.

ஏழு மாதம் கழித்து, வேறொரு ஊரின் துணி துவைக்கும் கடையில் என் சட்டைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது:

"போன் மாத்தினதுல இப்பத்தான் பாத்தேன். வலப்பக்கம் அச்சு அசல். இடப்பக்கம் பொய். வாலுக்கு அடியில இவ்வளவு சுத்தமா? அங்க அவன் என்னிக்குக் கை வச்சான்? அவன் நம்பரை அனுப்பும்மா. அவனை நானே திட்டணும்."