வாசல் அரக்கனுக்கு மூன்று திருத்தங்கள்

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் அவரைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள். வயது நாற்பத்திரண்டு. கடை அண்ணனுடையது, மாடியில் அவர் குடியிருக்கும் இரண்டு அறைகளும் அண்ணனுடையவை. பின்னறையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருந்தும்படி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். ஒரு கோட்டை, அதன் வாசலில் ஓர் அரக்கன். அவரே வரைந்த அரக்கன், பூசணிக்காய்க்குப் பல் முளைத்ததுபோல் இருந்தது. கணினியிடம் வரைந்து தரச் சொல்லிப் பார்த்தார். கேட்டதைக் கொடுத்தது, திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வெளியூர் ஓவியர் ஒருவரைப் பிடித்தார். மூன்று திருத்தங்கள் வரை செய்து தருவது அந்தப் பெண்ணின் வழக்கம்.

முதல் படம் வந்ததும், "இதைப் பாத்தா பயமே வரலைங்க" என்று எழுதினார்.

"சரி சார், நீங்க எதுக்குத்தான் பயப்படுவீங்க?"

யோசித்துச் சொன்னார். கத்த வேண்டாம், வாயை மூடிக்கொண்டு பார்க்கட்டும். அடுத்த முறை: இடது புருவம் மட்டும் ஏறட்டும். மூன்றாவது முறை: தலை சற்றுச் சாயட்டும், பதிலுக்குக் காத்திருப்பதுபோல. வந்த படத்தைக் கண்டதும் அவரே பயந்து கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். மகிழ்ச்சியோடு விளையாட்டை முடித்து, வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் மகளுக்கு அனுப்பினார். குறை கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

பிறகுதான் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க அண்ணனுக்குக் கொம்பு எப்ப முளைச்சுது?"

"உளறாதே."

"நானா உளறுறேன்? அந்தப் புருவத்தைப் பாருங்க."

பார்த்தார். அண்ணனேதான். அண்ணன் யார்மீதும் கை வைத்தவரல்ல. ஒரு கேள்வி கேட்பார். பிறகு பேசாமல் பார்ப்பார். அவரிடம் தனக்கு இருப்பது மரியாதை என்றே தம்பி இத்தனை வருடம் நம்பியிருந்தார். தன் மனதில் இருப்பதைப் பார்க்க அவருக்கு முன்பின் அறியாத ஒருத்தியின் கை தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொரு திருத்தம் வேண்டும் என்று அவசரமாக ஓவியருக்கு எழுதினார்.

"மூணும் முடிஞ்சிருச்சு, பரவாயில்ல சார். எதை மாத்தணும்?"

"முகத்தை."

"முகத்துல எதை?"

ஓவியரை அப்படியே விட்டுவிட்டார். அண்ணன் மகளைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "அதை அழிச்சிரும்மா" என்றார்.

"போங்க சித்தப்பா! அப்பாகிட்ட காட்டிட்டேன். சிரிக்கவே இல்ல."

மறுநாள் காலை இரண்டு லென்ஸ்களைப் பாழாக்கினார். அண்ணன் போ என்று சொல்லிவிட்டால் வேலையும் வீடும் ஒரே வார்த்தையில் போய்விடும். மூன்றாவதை எடுத்தபோது அண்ணன் உள்ளே வந்து இயந்திரத்தை நிறுத்தினார். கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"யார் வரைஞ்சது?"

"வெளியூர்ல ஒரு ஓவியர்ண்ணே."

"என்னைப் பாத்திருக்காங்களா?"

"இல்லண்ணே."

"போட்டோ அனுப்பினியா?"

"சத்தியமா இல்லண்ணே."

"அப்ப நான் எப்படிடா இதுக்குள்ள வந்தேன்?"

தற்செயல் என்று சொல்லியிருக்கலாம்.

"நான் சொல்லச் சொல்ல வரைஞ்சாங்கண்ணே."

அண்ணன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்ககிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லு."

தம்பி சொல்லத் தொடங்கினார். முதலில் மூடிய வாய், பிறகு ஏறிய புருவம், கடைசியில் சாய்ந்த தலை. பயத்தை மறைக்க இனி ஒன்றுமில்லை.