கல்லின்மேல் வைத்த கூறை

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. மாமியாராக வரப்போகிறவரை நம்புவேனா? பெண் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. இந்தச் சம்பந்தம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அன்றே முடிவுகட்டிவிட்டேன்.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில்தான் கல்யாணம். வெள்ளைக்காரர் ஆண்ட கடைசிக் காலம் அது. இங்கிலாந்தில் தன் ஊரிலுள்ள பல நூறு வருஷப் பழைய கோயிலைப் பார்த்தே இதையும் கட்டினார்கள் என்று எங்கள் வெள்ளைக்காரப் பாதிரியார் சொல்லிச் சொல்லி மகிழ்வார். பனி வழுக்கி விழுவதற்காகக் கூரை அவ்வளவு செங்குத்தாம். கொட்டாஞ்சேனையில் எந்தக் காலத்தில் ஐயா பனி கொட்டியது? குளிர் புகாதிருக்க ஒடுக்கமான ஜன்னல் வேறு. உள்ளே வேர்த்து ஊற்றும்.

வெளிவாசலில் கூரை போட்ட ஒரு படலை. அதன் நடுவில் நீளமான ஒரு கல். பிரேதம் வந்தால், பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி உள்ளே அழைத்துப்போகும்வரை பெட்டியை அதில்தான் இறக்கி வைப்பார்கள். அதுவும் அவருடைய ஊர் வழக்கம்தான்.

நான் காரைவிட்டு இறங்கியபோது, தாலியும் கூறைச் சேலையும் இருந்த தட்டத்தை மாமி அந்தக் கல்லில் வைத்துவிட்டு நின்றார்.

“பாவம், ஊர் மனுசி. சுமைதாங்கிக் கல்லெண்டு நினைச்சிட்டா போல,” என்று சின்னம்மா கிசுகிசுத்தார்.

“நினைச்சாவோ? கல்லைத் தடவுறதைப் பாருங்கோ. தெரிஞ்சுதான் வச்சிருக்கிறா.”

“வாயை மூடிக்கொண்டு நட பிள்ளை. உள்ள எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம்.”

பிரேதக் கல்லில் வைத்த கூறையை நான் உடுப்பதா? வேண்டுமென்றே செய்திருந்தால் அப்படியே திரும்பிக் காரில் ஏறிவிடுவது என்று நேரே அவரிடம் போனேன்.

“மாமி, இது என்ன கல்லெண்டு தெரியுமோ?”

“தெரியும் பிள்ளை.” அவர் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. “மோன் கைக்குழந்தையா இருக்கேக்க நாங்களும் கொட்டாஞ்சேனையிலதான் இருந்தனாங்கள். அவன்ர அப்பாவை இதிலதான் இறக்கி வச்சவை. மருமோளின்ர கூறையை அவரும் ஒருக்காப் பாக்கட்டும் எண்டு வச்சனான்.”

உள்ளே ஆர்கன் தொடங்கியது. சின்னம்மா அவசரமாகத் தட்டத்தைத் தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இருக்கட்டும் சின்னம்மா. பாக்கட்டும்.”

மாமி அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தை நேரே பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவ்வளவும் காணும். உன்னையும் பாத்திட்டார். இனி எடு,” என்றார்.