குங்குமத்தின் எடை

எங்கள் வீட்டில் நான்கு ஆணிகளுக்குப் பல் தேய்த்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. தேய்த்தவர் என் கணவர். பிரஷ் என்னுடையது. பற்பசை போட்டுத் தேய்த்து முடித்ததும் ஆணிகளை விபூதியில் புரட்டி, பழைய பட்டுத்துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அவர் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

அது இரண்டாயிரத்துப் பத்து. சிட்னிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிளாக்டவுனில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியின் வீட்டுப் பின்பகுதியில் குடியிருந்தோம். எனக்கு வந்த வேகத்திலேயே பரமட்டாவில் மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் பம்பு வடிவமைத்துக்கொண்டிருந்த என் கணவருக்குக் கிடைத்தது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். கை குலுக்குவார்கள். வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். கடைசியில் எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம்: நோ லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்.

தண்ணீர் இந்த ஊரிலும் மேலிருந்து கீழேதானே ஓடுகிறது, அதற்கு உள்ளூர் அனுபவம் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்குக் கோபமே வராது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலம் பேசுவதை நிறுத்திவிட்டார். போன் அடித்தால் மகளிடம் நீட்டுவார். கெல்லிவில்லில் வீடு வாங்கிக் குடியேறியிருந்த நண்பர்கள், ரெஸ்யூமேயில் எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அதையும் மாற்றினார். பெட்டிகள் மட்டும் மாறவில்லை.

அப்போதுதான் மரக்கட்டை வந்தது. எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. சாரணர் குழுவில் சேர்ந்திருந்தாள். குழுத் தலைவர் சில காலம் அமெரிக்காவில் இருந்தவர். அங்கே பிள்ளைகள் பைன் மரக்கட்டையில் கார் செய்து பந்தயம் விடுவார்களாம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். ஆளுக்கொரு பொட்டலம். உள்ளே ஒரு கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி. மோட்டார் கிடையாது. சரிவான மரப்பாதையின் உச்சியில் வைத்து விட்டுவிட வேண்டும். முதலில் கீழே வருகிற கார்தான் ஜெயிக்கும். எடை நூற்று நாற்பத்திரண்டு கிராமைத் தாண்டக் கூடாது. பெற்றோர் உதவலாம்.

உதவலாம் என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் அத்தனை அப்பாக்களும் பிள்ளைகளிடமிருந்து கட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மகளுக்கு நிறத்தையும் எண்ணையும் தீர்மானிக்கும் உரிமை வழங்கப்பட்டது. ஊதா என்றாள். ஏழு என்றாள். மற்ற இலாகாக்கள் எல்லாம் கேட்காமலே அப்பாவிடம் போய்ச் சேர்ந்தன.

என் சமையலறைத் தராசு போனது. தலைமுடி உலர்த்தி போனது. வழுக்கலுக்காகப் பென்சில் கரியை என் மிளகு இடிக்கும் கல்லில் இடித்தார். சில நாள் எங்கள் ரசம் அமாவாசை மாதிரி இருந்தது. மீன் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்து காரின் பின்பக்கத்தில் குடைந்து புதைத்தார். எடை பின்னால் இருந்தால் சரிவில் கூடுதல் நேரம் தள்ளுமாம். முன்சக்கரங்களில் ஒன்றை வேண்டுமென்றே தரையில் படாமல் தூக்கி வைத்தார். மூன்று சக்கரம் மட்டும் தொட்டால் உரசல் குறைவு. ஆட்டோகூட மூணு சக்கரத்துலதான் ஓடுது, அதுக்கென்ன இவ்வளவு ஆராய்ச்சி என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்டோவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சாப்பிட்டு முடிக்கும்வரை விளக்கினார்.

சோதனை ஓட்டம் இஸ்திரி மேசையின் மேல். ஒரு பக்கம் புத்தகம் அடுக்கிச் சரித்து வைத்து, உச்சியிலிருந்து காரை விடுவார். மறுமுனையில் மகள் தலையணையோடு நிற்பாள். கார் ஒரு மயிரிழை வலப்பக்கம் ஒதுங்கும். குறடால் ஆணியைத் தொட்டும் தொடாமலும் திருகுவார். மறுபடி விடுவார். எங்கள் மூவரின் உடுப்புகளும் சுருங்கியபடியே வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மனிதர் பேச ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சக்கரத்தை ஊதிச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இதுலயும் தோத்துட்டா ஊருக்கே போயிரலாம்."

அடுத்த வருஷம் ஊருக்கு என்று எப்போதும் சொல்வதுதானே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய கம்பெனியில் கேட்டாகிவிட்டதாம். அவர் மேசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டையை அடுப்பில் வைத்திருப்பேன். எனக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. என் வேலை பிடித்திருந்தது. மகளுக்கு முதல்முறையாகத் தோழிகள் கிடைத்திருந்தார்கள். இவரோ ஒரு குடும்பத்தையே நாலு ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். கத்தினேன், அழுதேன், எதுவும் எடுபடவில்லை. மறுநாள் இன்னொரு பிரஷை எடுத்துக்கொண்டு நானும் ஆணிக்குப் பல் தேய்க்க உட்கார்ந்தேன்.

பந்தயம் ஒரு சனிக்கிழமை மதியம். எங்களிடம் அப்போது கார் இல்லை. ஆள் ஏறி ஓட்டுகிற கார் என்று சொல்ல வேண்டும். அன்ரிதான் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். காலையில் என் கணவர் செருப்புப் பெட்டிக்குள் மகளின் மப்ளரைச் சுற்றி, அதற்குள் வாகனத்தைப் படுக்கவைத்துத் தூக்கி வந்தார். அன்ரி எட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பொட்டு எங்கே என்று கேட்டார்.

"சின்னன் எண்டாலும் வாகனம்தானே, தம்பி. பூசை செய்யாமல் ஓடவிடுறதோ?"

வீட்டுக்கார அன்ரி. ஓட்டுகிறவரும் அவரே. வண்டி கோயில் பக்கம் திரும்பியது. கோயிலில் செருப்பு தொலையக் கூடாது என்பதைத் தவிர வேறெதையும் வேண்டிக்கொள்ளாத என் கணவர், பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாகன பூசைக்குப் பெயரும் நட்சத்திரமும் வண்டி எண்ணும் கேட்டார்கள். மகள் "செவன்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு புத்தம்புது வெள்ளைக் கார், பின்னால் ஏழு பேர் ஏறுகிற இன்னொன்று. நடுவில் தரையில் ஒரு சாண் நீளத்துக்கு எங்கள் வாகனம். ஐயர் ஒரு நொடி நின்று பார்த்தார். பிறகு முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் மந்திரத்தை ஆரம்பித்தார். மாலைக்குப் பதில் ஒற்றை மல்லிகைப்பூவை முன்னால் வைத்தார். அவர் சந்தனத்தை அள்ளும்போதெல்லாம் என் கணவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கொஞ்சமாக வைக்கும்படி மெதுவாகச் சொல்லியும் பார்த்தார். ஐயர் தாராளமான மனிதர். சந்தனத்தின் மேல் குங்குமமும் தாராளமாகவே விழுந்தது.

அடுத்தது எலுமிச்சம்பழம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்து நசுக்க வேண்டும். பழம் காரைவிட உயரமாக இருந்தது. அன்ரி இதை எதிர்பார்த்திருக்கிறார். கைப்பையிலிருந்து தன் வீட்டு முன்வாசல் மரத்தில் காய்க்கும் நெல்லிக்காய் அளவு ஆரஞ்சுப் பழங்களை எடுத்தார். வைத்தோம். மூன்று பழத்தின் மேல் கார் ஏறி நின்றது, நசுங்கவில்லை. நாலாவது பழம் தன் பாட்டுக்கு உருண்டு போனது.

"ஒரு சில்லு முட்டேல்லை, தம்பி. கோணலாச் செய்துபோட்டீர்."

அது வேண்டுமென்றே தூக்கியது, உரசல் குறைவதற்காக என்று அவர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அன்ரி உருண்ட பழத்தை எடுத்து மறுபடி அடியில் செருகி, காரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றி, தேங்காய் துருவ உட்கார்கிற பலத்தோடு ஒரு அழுத்து அழுத்தினார். பழங்கள் நசிந்தன. கூடவே டக்கென்று ஒரு சத்தம்.

தரையைத் தொடுகிற ஒரே முன்சக்கரத்தின் ஆணி வளைந்திருந்தது. மாதக்கணக்கில் நேராக்கிய ஆணி. கோயில் நடைபாதையில் உருட்டிப் பார்த்தார். கார் அழகாக இடப்பக்கம் திரும்பி ஐயரின் காலடியில் போய் நின்றது. அவர் அதற்கும் ஒரு பூ போட்டார். குறடு வீட்டில் இருந்தது. திரும்பிப் போக நேரமில்லை. போகும் வழியெல்லாம் அன்ரி மட்டும்தான் பேசினார். எனக்கு அவரைத் திட்டவும் வழியில்லை. ஸ்டியரிங் அவர் கையில்.

சாரணர் கூடத்தில் குழுத் தலைவர் காரைத் தராசில் வைத்தார். ஒரு கிராம் கூடுதல். வெயிலில் சிவந்த முகமும் அரைக்கால்சட்டையுமாக நல்ல மனிதர். பரவாயில்லை, மேலே இருக்கிற அழுக்கைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு டிஷ்யூவை நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை. நான் கையை நீட்டினேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. இங்கே இருப்பதா போவதா என்பது அந்த ஒரு கிராமில் இருக்கிறது, துடைத்துத் தொலையேன் என்று மனம் சொல்கிறது. பொட்டை எப்படித் துடைப்பது என்று கை கேட்கிறது. மகள் தலைவரிடம், அது அழுக்கில்லை, கடவுள் என்றாள். வாசலில் அன்ரி கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பாவம் அந்த மனிதர், விதித்தாளைப் புரட்டிப் பார்த்தார். கடவுளுக்கு எடைவிலக்கு எதுவும் அதில் இல்லை.

அப்போது என் கணவர் பேசினார், ஆங்கிலத்தில். துடைக்க முடியாது, துளைபோடும் கருவி இருந்தால் கொடுங்கள் என்றார். காரைக் கவிழ்த்து, ஈயத்தில் எந்த இடத்தில் எடுத்தால் எடைமையம் நகராது, எந்த இடத்தில் எடுத்தால் கெட்டுப்போகும் என்று மேசைத்தாளில் கோடு போட்டுக் காட்டினார். நாலைந்து அப்பாக்கள் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருவர்கூட என்ன சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை. துளைபோடும் கருவி வந்தது. தன் கையால் புதைத்த ஈயத்தைத் தானே சுரண்டி எடுத்தார். தராசு நூற்று நாற்பத்திரண்டு காட்டியது. குங்குமம் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒவ்வொரு கார் ஓடும் தடத்திலும் நடுவே மெல்லிய மரச்சட்டம் ஒன்று உண்டு. கார் அதன் இருபுறமும் சக்கரம் வைத்து ஓடும். நேராக ஓடும்படி செய்த கார்கள் அந்தச் சட்டத்தில் இங்கேயும் அங்கேயும் இடித்து இடித்து வந்தன. எங்கள் கார் வளைந்த ஆணியின் தயவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் குடிகாரனைப் போல, ஆடாமல் அசையாமல் வந்தது. ஜெயித்தது. மறுபடியும் ஜெயித்தது. மகள் குதித்தாள். தான் நசித்ததால்தான் ஓடுகிறது என்று அன்ரி முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் மட்டும் தரையில் குந்தி உட்கார்ந்து, இது எப்படி என் கணக்கில் வராமல் போனது என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறுதிச் சுற்றில் எதிரில் நின்றது கார் என்றே சொல்ல முடியாத ஒன்று. சீவாத, சாயம் பூசாத வெறும் கட்டை. அதன் பின்பக்கத்தில் பச்சை நிறப் பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கழுத்து மட்டும் கட்டையைத் தாண்டி முன்னால் நீண்டிருந்தது. அதைச் செய்தது முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணும் அவள் அம்மாவும்.

உச்சியில் கார்களைப் பிடித்திருந்த தடுப்பு விழுந்தது. எங்கள் வாடகை வீடு, என் வேலை, மகளின் பள்ளி எல்லாம் அந்தச் சரிவில் உருண்டு வந்தன. ஊதாவும் பச்சையும் ஒட்டிக்கொண்டே வந்தன. முடிவுக் கோட்டை இரண்டும் ஒன்றாகத்தான் தொட்டிருக்கும். ஆனால் டைனோசருக்கு மூக்கு இருந்தது. மூக்கையும் சேர்த்துத்தான் அளப்பார்களாம்.

ஒரு மூக்கு நீளத்தில் தோற்றோம். என் கணவர் எழுந்து நேரே அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போனார். அனுமதி கேட்டு, டைனோசர் கட்டையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஆணிகள் திசைக்கொன்றாக வளைந்திருந்தன. ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. எடை முழுக்கப் பின்னால். பல் தேய்த்தும் விபூதி பூசியும் அவர் தேடித் தேடிச் செய்த அத்தனையும் அங்கே தானாகவே இருந்தது. அந்த அம்மா கூச்சத்தோடு சொன்னாள்: மறந்தே போய்விட்டேன், இன்று காலைதான் செய்தோம், சுத்தியல் கிடைக்காததால் வாணலியால் அடித்தோம்.

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க, வாணலி வாணலி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனிதருக்குப் பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் பரிசுத் தாளை நீட்டிய தலைவர், இதுதான் முதல் தடவையா என்று கேட்டார்.

"ஃபர்ஸ்ட் டைம். நோ லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்."

இப்போது இருக்கிறதே என்றார் தலைவர், அவர் தோளில் தட்டி.

அன்ரியின் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். தோற்றாகிவிட்டது. பேச்சு பேச்சுதான் என்று நிற்பவர் அவர். டிக்கெட் போடச் சொல்லப்போகிறார், எந்த நிமிடம் சொல்வார் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். பிளாக்டவுன் நெருங்கும்போது அவர் பின்சீட்டுப் பக்கம் திரும்பி மகளிடம் கேட்டார்.

"அடுத்த வருஷம் நாமளும் ஒரு டைனோசர் வெச்சுக்கலாமா?"

"ஒன்லி இஃப் இட்ஸ் பர்ப்பிள்" என்றாள் மகள்.

அவருக்குப் பம்பு வேலை கிடைக்க அதற்குப் பிறகும் பல மாதம் ஆனது. அது வேறு கதை. இந்த நாட்டில் கால் வைத்த நாளிலிருந்து அவர் வாயில் அடுத்த வருஷம் என்ற சொல் ஊர் என்ற சொல்லோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது. அன்றைக்குத் தனியாக வந்தது. எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அடக்கவும் தோன்றவில்லை, வாய்விட்டே அழுதேன்.

தோற்றதற்கு அழுகிறேன் என்று அன்ரி நினைத்துக்கொண்டார். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என் தொடையில் தட்டினார்.

"அழாதை பிள்ளை. அடுத்த முறை நான் வடிவா நசிச்சுத் தாறன்."

சரி அன்ரி என்றேன்.