அஸ்தமனத்துக்கு இரண்டு நாழிகை முன்

ஓய்வு பெற்றபின் நானும் மனைவியும் வருடத்துக்கு ஒருமுறை நான்கு நாள் நடப்போம். திண்டிவனத்தில் கிளம்பி, பேருந்து போகும் சாலையை முடிந்தவரை தவிர்த்து, ஏரிக்கரை, வண்டிப்பாதை என்று செஞ்சிப் பக்கம் போவது வழக்கம். மகனுக்கு இது புரியவில்லை. ஊட்டியில் ரூம் போட்டுத் தருகிறேன் என்றான். ரூம் போட்டுத் தந்தால் அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? சுவிட்சு எங்கே என்பதுதான்.

நாங்கள் தங்கிய இடங்களில் முக்கால்வாசிக்கு வாடகையே கிடையாது, விதி மட்டும் உண்டு. ஒரு நெல் ஆலையின் கணக்கர் அறையில் படுத்தோம். விடிந்ததும் அவிக்கிற நெல்லின் ஆவி வந்து எழுப்பிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், எழுப்பியது. ஒரு கிராமத்து மாதாகோயிலை ஒட்டிய அறையில் தங்க எங்கள் பங்குச் சாமியாரின் கடிதம் வேண்டும். வாங்கிப் போனேன். அங்கிருந்த உபதேசியார் அதைப் படிக்கவேயில்லை, "வேர்க்க விறுவிறுக்க வந்திருக்கீங்க, குளிங்க" என்றார். முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு, படிக்கப்படாத கடிதம் சற்று வருத்தம்தான்.

மறுநாள் தங்க வேண்டியது மேல்சித்தாமூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் உள்ள ஒரு சின்ன ஊர். அங்கே சமணக் கோயிலுக்கு எதிரில் யாத்திரிகர்களுக்கென்று ஒரு கல்கட்டு அறை. சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், சாப்பாடும் அந்த வீட்டிலேயே. என்னோடு வேலை பார்த்த சமண நண்பரின் அக்கா வீடு அது. நண்பர்தான் போனில் ஏற்பாடு செய்தார். "பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவாங்க, பார்த்துக்குங்க" என்றார்.

பொழுது சாய்வது என்பது தோராயமான சொல். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அன்று அஸ்தமனம் ஆறு பதின்மூன்று. ஐந்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தால் இருபத்துமூன்று நிமிடம் இருக்கிறது, சாப்பிடப் போதும்.

ஐந்து மணிக்கே அந்த ஊர் ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். கோயில் கோபுரம் தெரிந்தது.

"போயிடலாமே" என்றாள் மனைவி.

"சொன்ன நேரத்துக்கு முன்னால் ஒருத்தர் வீட்டில் போய் நிற்பது மரியாதை இல்லை."

"அவங்க எங்க நேரம் சொன்னாங்க? நீங்கதான் சொல்லிக்கினு இருக்கீங்க."

உட்கார வைத்தேன். அவளுக்குச் சர்க்கரை; மாத்திரை போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஐந்தரைக்கு நானே மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்தேன். எல்லாம் நிமிடக் கணக்குப்படி நடந்தது.

ஐந்து ஐம்பதுக்கு அந்த அம்மா கதவைத் திறந்தார். அறுபதைத் தாண்டியவர். சாவி கையிலேயே இருந்தது. "வாங்க வாங்க, வழியில சாப்பிட்டுக்கினு வந்துட்டீங்களா? நாலரையிலேர்ந்து பார்த்துக்கினே இருந்தோம்" என்றார்.

இல்லை என்றேன். அவர் முகம் மாறியது. அந்த வீட்டில் அஸ்தமனத்துக்கு இரண்டு நாழிகை முன்பே கை கழுவிவிடுவார்களாம். அடுப்பைத் துடைத்துவிட்டார்கள். எங்களுக்கு எடுத்து வைத்திருந்த சோறும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விட்டது. இரண்டு நாழிகை என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். மனத்துக்குள் கழித்தேன்: ஐந்து இருபத்தைந்து. நான் மாத்திரை கொடுத்தது அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் கழித்து.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. கையைப் பிடித்தால் நடுக்கம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை இப்படித் தொடங்கி ஆஸ்பத்திரியில் முடிந்தது. இங்கிருந்து கடை இருக்கும் ஊருக்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்.

எந்த விதிக்கும் விலக்கு ஒன்று இருக்கும். அதைத் தேடிக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். "அம்மா, மருத்துவக் காரணம் இருந்தால் உங்கள் வழக்கத்தில் அதற்குத் தனியாக ஏதாவது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மாத்திரை போட்டுக்கினீங்களா?" என்று அவளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் உள்ளே போய்விட்டார். நான் சொல்லவந்த வாக்கியத்துக்குக் கேட்க ஆளில்லை.

ஒரு விள்ளல் வெல்லம் முதலில் வந்தது. பிறகு பாலில் ஊறிய அவல், வாழைப்பழம், கை நிறைய வறுத்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துச் சொல்லில் மல்லாட்டை. "விரதம் எங்களுக்குங்க. உங்களுக்கு யாரு வெச்சது? அடுப்பு பத்த வெக்க மாட்டேன், அவ்ளோதான்" என்றார்.

வெல்லம் கரைந்து, அவல் பாதி போனதும் நடுக்கம் நின்றது. எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் சந்தேகமும் வந்துவிட்டது. "உங்களுக்கு மண்ணுக்கு அடியில் விளைவது ஆகாது என்பார்களே, மல்லாட்டை மட்டும் எப்படி?"

"அது கொட்டைங்க, கிழங்கு இல்ல" என்றார் அவருடைய கணவர், கட்டிலில் உட்கார்ந்தபடி. பிறகு, "சாருக்கு மாத்திரை ஏதாச்சும் உண்டா?"

"இல்லைங்க."

"ரொம்ப நல்லது."

அந்த அம்மா, "சாருக்கும் ஒரு கிண்ணம் ஊற வெக்கட்டுமா?" என்று கேட்டார். நான் யோசித்து முடிப்பதற்குள் மனைவி கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அவருக்கு வேணாங்க. அவரு நேரம் தவறுனா சாப்பிட மாட்டாரு" என்றாள்.

காலையில் இன்னொரு விவரம் தெரிந்தது. சூரியன் உதித்த பிறகும் இரண்டு நாழிகை கழித்துத்தான் வாயில் வைப்பார்களாம். கல்கட்டு அறையின் வாசலில் உட்கார்ந்து அந்த நாற்பத்தெட்டு நிமிடத்தையும் முழுசாகப் பார்த்தேன். மனைவிக்கு ஆறரைக்கே பால் வந்தது. உடம்பு எப்படி என்று அந்த அம்மா விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு கேப்பை அடை போட்டார்கள். மூன்று சாப்பிட்டேன்.

ஊரைத் தாண்டி வயல் வரப்பில் ஏறியதும், "நேற்று நடந்தது என் தப்பு. உட்கார வைத்தது, மாத்திரை கொடுத்தது, இரண்டுமே" என்றேன். திருமணமாகி இத்தனை வருடத்தில் இந்த வாக்கியத்தை நான் சொன்னதாக நினைவில்லை.

"தெரியும்" என்றாள். வரப்பு ஒற்றை ஆள் போகிற அகலம். முன்னால் போகலாம் என்று நான் கால் வைத்தேன்.

"பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.