ஜூலைத் தாளில் வெறும் தண்ணீர்

மச்சான் வீட்டுச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. ஜூலை மாதத் தாள். படத்தில் கடல் தண்ணீர் மட்டும்தான். படகு இல்லை, பறவை இல்லை. இரண்டாயிரங்களின் நடுவில், திருத்தங்கலில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் அடித்தது. வருடம் பிறந்தால் பழைய காலண்டரைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டுவதுதான் உலக வழக்கம். எங்கள் பக்கத்துப் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. இதை மட்டும் கழற்ற அவர் விடுவதில்லை. படம் எடுத்தவன் நான்.

கடல் உயிர்களை வைத்து ஒரு காலண்டர் ஆர்டர் வந்திருந்தது. தொண்டிப் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவின் நல்ல படம் மட்டும் கிடைக்கவில்லை. முதலாளி, தண்ணீர் புகாத உறை போட்ட கேமரா ஒன்றைக் கொடுத்து என்னை அனுப்பினார். மல்லாங்கிணறு ஊரில் கிணற்று நீச்சல் பழகியவனுக்குக் கடல் என்றால் உதறல். துணைக்கு மச்சானை, அதாவது அக்காவின் கணவரை, அழைத்துக்கொண்டேன். அவர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார்.

ஆவுளியா மேயும் கடற்புல் பகுதிக்கு வெகு முன்பே படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார். "கிட்டப் போகாதீக, தொடாதீக. அதுவும் நம்மள மாதிரி மேல வந்துதான் மூச்சு எடுக்கணும். வழிய மட்டும் மறிச்சிராதீக" என்றார். கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு இறங்கினோம். நான் கையையும் காலையும் அடித்துத் தண்ணீரைக் கலக்கினேன். மச்சானோ, எதுவும் எதன்மேலும் உரசிவிடக் கூடாது என்கிற மருந்து அறை நிதானத்தோடு மிதந்தார்.

கீழே தாயும் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. பார்த்த மாத்திரத்தில் என் பயம் போன இடம் தெரியவில்லை, ஆசை பிடித்துக்கொண்டது. அவற்றுக்கு நேர் மேலே போய் நின்றேன். குட்டி மேலே வரப் பார்த்தது, என்னைக் கண்டு பாதியில் திரும்பியது. மச்சான் எனக்கு உள்ளங்கையைக் காட்டிவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். மருந்து அறையில் ஏதாவது சரியில்லை என்றால் யாரும் கத்தமாட்டார்கள், ஓடவும் மாட்டார்கள். இப்படிக் கையைக் காட்டி ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் நான் நகரவில்லை. குட்டி மறுபடி மேலே வந்தபோது பொத்தானை அழுத்தினேன். ஃபிளாஷ் அடித்தது. குட்டி மூச்சு எடுக்காமலே வாலைச் சுழற்றிக் கீழே பாய்ந்தது. சேறு கிளம்பி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

படகில் ஏறிக் காத்திருந்தோம். மச்சான் திட்டியிருந்தால் தேவலை. தூரத்தில் தாய் மட்டும் மூக்கைத் தூக்கி ஒருமுறை மூச்சு விட்டது. பக்கத்தில் குட்டி இல்லை.

"தேடிப் போவமா?" என்றேன்.

"போனா இன்னும் மெரளும். குட்டிக்கு ரொம்ப நேரம் தாங்காது. நாம வெலகுனாத்தான் அது மேல வரும்" என்றார் படகுக்காரர்.

குட்டி எழும் என்று நினைத்த இடத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். எழவில்லை. எஞ்சினைப் போடாமல் துடுப்பு வலித்தே திரும்பினோம். கரை சேரும்வரை மச்சான் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிலிமைக் கழுவியபோது இரண்டு படமும் விழுந்திருந்தன. என் வாழ்நாளில் அப்படியொரு படம் எடுத்ததில்லை. குட்டியின் முகம் தெளிவாக இருந்தது, மூக்குத் துளைகள் இரண்டும் இறுக மூடியிருந்தன. அதை முதலாளியிடம் காட்ட மனசு வரவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லி மற்றதைக் கொடுத்தேன். அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். சீசன் நெருக்கடியில், தண்ணீராவது இருக்கட்டும் என்று அடித்துவிட்டார்.

போன வாரம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஆலை வேலையை விட்டு நாளாயிற்று. சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், நான் போகும்போதெல்லாம் கேட்பதையே கேட்டார்.

"ஏலே மாப்ளே, நாம வந்த பெறகு அது மேல வந்திருக்கும்லே?"

"வந்திருக்கும் மச்சான்" என்றேன்.

சுவரில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.