ரிழ்வான் நானாவின் சீடி ரைட்டர்

ரிழ்வான் நானா மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் பெருவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். அந்த அருவருப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். கற்பிட்டியில் நானும் அண்ணன் போன்ற அவரும் கூட்டாகக் கணினிக் கடை வைத்திருந்தோம். சீடி ஓடிய காலம். ஜும்ஆப் பயான்களை, அதாவது வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களை, சீடியில் எழுதித் தரும்படி பள்ளிவாசல் நிர்வாகம் கேட்டது. மற்றக் கடைக்காரர்கள் என்றால் கள்ள விண்டோஸில் அரை மணித்தியாலத்தில் முடித்திருப்பார்கள். நானாவோ, "களவெடுத்த சாமான்ல பயான் எழுதுறதா? சீ!" என்றார். யாருக்கும் இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸில்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த லினக்ஸோ சீடியை வாசிக்கும், எழுதாது. வாசிக்கும் ட்ரைவர் மென்பொருளை நானா லினக்ஸின் மையமான கேர்னலுக்குள்ளேயே வைத்துத் தொகுத்திருந்தார். கணினி எழும்பியவுடன் அது சீடி எழுதும் கருவியான ரைட்டரைப் பிடித்துக்கொள்ளும். எழுதும் ட்ரைவர் வரும்போது அதற்குச் சாதனமே இருக்காது. இதைக் கண்டுபிடித்துக் கேர்னலை மறுபடி தொகுத்தால், இப்போது எழுதும், ஆனால் பாதியில் நிற்கும். வன்தட்டிலிருந்து தரவு வரும் வேகம் போதவில்லையாம். வீணாய்ப்போன சீடிகளைப் பக்கத்து ஊரான எத்தாளைக்காரர்கள் கொண்டுபோய்க் குருவி விரட்ட மிளகாய்த் தோட்டத்தில் கட்டினார்கள்.

"நானா, இந்தச் சனியன் புடிச்ச வேலை எனக்கு அருவருப்பா இரிக்கி," என்றேன்.

"எனக்கும்தான். ஆனா களவுல வார அருவருப்பு கழுவினாலும் போகாது," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் ரைட்டர் ஒழுங்காக எழுதியது. அதற்குள் நிர்வாகம் வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டது. "நீங்க ஹலால் சீடி செஞ்சு முடிக்கக்குள்ள உலகம் அழியிற கியாமத் வந்துரும்," என்று செயலாளர் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.  நானாவோ, எழுதிய முதல் சீடியைப் போட்டு முழுப் பயானையும் கேட்டார். "சத்தம் தெளிவு," என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செயலாளர் இன்று தலைவர். நானாவுக்கு இரங்கல் கூட்டம் வைத்ததும் அவர்தான். "நேர்மையின் மறுபெயர்" என்று தொடங்கி மேசையில் தட்டித் தட்டிப் பேசினார். பிறகு நானாவின் படங்களைக் கோத்த வீடியோ ஒன்றைப் போட்டார்கள். நானாவின் முகத்துக்குக் குறுக்கே, நெற்றியிலிருந்து தாடிவரை, 'உரிமம் வாங்கப்படாத பிரதி' என்று ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு வரி. படம் மாறியது, வரி மாறவில்லை. சபையில் ஒருவருக்காவது கூசவில்லை.

"அத நிப்பாட்டுங்க," என்றேன்.

"உடுங்க தம்பி. வீடியோ செஞ்ச சொப்ட்வெயார் கள்ளக் கொப்பி எண்டா அப்பிடித்தான் வரும். ஆரு பாக்கப்போறா?" என்றார் தலைவர்.

நான் எழுந்து "சீ!" என்றேன். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ரைட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கடையும் இல்லை. நானாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். அன்று அது பின்வரிசைவரை கேட்டது. சத்தம் தெளிவு.