வளர்மதி டீச்சர் சொன்ன பொய்

வளர்மதி டீச்சர் ஆரம்பாக்கத்துக்காரி. நெல் வயலோரம் வளர்ந்து, பழவேற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பக்கத்துக் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். இலக்கணத்தைக் காட்டி மிரட்டுகிற ரகமில்லை. வாயைத் திற, தப்பாகவாவது பேசு என்பாள். பேச வைக்க அவளுக்குப் பிடித்த தலைப்பு, சாதித்த பெண்கள்.

போன மாசம் பிள்ளைகள் மெடல் வாங்கியவள், மலை ஏறியவள் என்று செல்போனில் பார்த்ததையே ஒப்பித்தார்கள். டீச்சருக்குச் சலித்துவிட்டது.

"அடப் போங்கடி! உங்க வீட்டுல, தெருவுல ஒருத்திகூடவா இல்ல?" என்றாள்.

வைஷ்ணவி எழுந்தாள். மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுவதற்குள் வியர்த்துப்போகிற பெண். அன்றைக்குத் தன் அம்மா இருசம்மாளைப் பற்றித் திக்கித் திக்கி, ஆனால் நிறுத்தாமல் பேசினாள். நைனா சிங்காரம் முதுகு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறார். அம்மா அவர் சட்டையை மாட்டி, தலைப்பாகை கட்டி, விடியுமுன் கொழுந்தனோடு ஏரிக்குப் போய் அவருடைய முறைக்கு வலை விடுகிறாள் என்றாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பேசியதைப் படம் பிடித்து, பெருமை தாங்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

போடலாமா அதை? குப்பத்தில் பிறந்தவளாயிருந்தால் போட்டிருக்க மாட்டாள். ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை விட முடியாது. சீட்டுப் போட்டு ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு இடம். அதற்குப் பாடு என்று பெயர். அது ஆம்பளை பேரில்தான். பொம்பளை இறங்கினாள் என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு முறையே கிடையாது. சிங்காரத்தின் முறைக்கு அவர் தம்பி கூலியாளோடு போவதாகத்தான் ஊர் நினைத்திருந்தது. வயலுக்கு மடை திருப்புகிற முறையெல்லாம் அறிந்த வளர்மதிக்கு இது தெரியாமல் போயிற்று.

மறுநாளே ஊர் கூடியது. டீச்சருக்கும் ஆள் வந்தது. ஊர்த் தலைவர் தசரதன் செல்போனை நீட்டினார்.

"இன்னா டீச்சரம்மா, இந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல இன்னா சொல்லுது? இருசம்மா வலை உடப் போவுதுன்னு பசங்க சொல்றானுங்க. நெஜமா?"

கூட்டத்தின் ஓரத்தில் இருசம்மாள் தலை குனிந்து நின்றாள். பக்கத்தில் வைஷ்ணவி டீச்சரையே பார்த்தாள். பயப்படாமல் பேசு என்று தினமும் சொன்னவள் இப்போது என்ன பேசுவாள் என்கிற பார்வை அது.

"ஐயோ, அது கதைங்க," என்றாள் வளர்மதி. "நான்தான் எழுதிக் கொடுத்தேன், பேசிப் பழகறதுக்கு. அந்தம்மா படகுல கால் வெச்சதே இல்லீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அதானே பாத்தேன்! பொம்பளையாவது, வலை உடறதாவது!" என்றார் தசரதன்.

பாடு தப்பியது. திரும்பும் வழியில் இருசம்மாள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சோத்துல மண்ணு உழாம காப்பாத்திட்ட டீச்சரு, நீ நல்லாருக்கணும்," என்றாள். பிடித்த கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. வளர்மதிக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஊருக்குக் காட்டிக்கொடுத்ததும் நான், அவள் பட்ட பாட்டை ஊரறியப் பொய்யாக்கியதும் நான், எனக்கு வாழ்த்து வேறா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வகுப்பில் வைஷ்ணவி தானாகவே எழுந்தாள். ஏதோ தேசத்தில் கப்பல் ஓட்டிய ஒரு பெண்ணைப் பற்றி, ஒரு தப்பில்லாமல், ஒரு திக்கலில்லாமல் சொல்லி முடித்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினாள்.

"இவங்க நெஜமாவே ஓட்னாங்க மிஸ்," என்றாள் வைஷ்ணவி. "இத வெளிய சொல்லலாமில்ல?"